படகுக்கு எந்தப் பற்றரி?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, முன்னர் நம்மிடம் பௌதிகம் பயின்ற மாணவனொருவன் நம் இல்லத்துக்கு வந்தான். வடமராட்சிக் கரையோரத்தவன், தந்தையார் கடற்றொழிலாளர். அவன் கையில் ஒரு கடதாசித் துண்டு இருந்தது. அதில் மூன்று பற்றரிகளின் பெயரும் விலையும் குறிக்கப்பட்டிருந்தன.

"சேர், இதில் எதை வாங்கலாம்?" என்று கேட்டான்.

"எதற்குத் தம்பி?" என்றோம்.

"அப்பாவின் படகுக்கு" என்றவன், நடந்ததைச் சொல்லலானான்.

அவர்களது 18 அடிக் கண்ணாடியிழைப் படகுக்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு பற்றரி வாங்கினார்களாம். "லொறியையே கிளப்பும் பற்றரி இது, ஒரு விளக்கை எரிக்காதா?" என்று கடைக்காரர் கூறினாராம். அந்த வாதம் எல்லோருக்கும் நியாயமாகவே தோன்றிற்று. முதல் மாதம் குறையொன்றுமில்லை. மூன்றாம் மாதம் நள்ளிரவிலேயே விளக்கு மங்கத் தொடங்கியது. ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள், இரவு இரண்டு மணியளவில் முற்றாக அணைந்தது. அமாவாசைக்கு முந்திய இருட்டு. வலை கடலிற் கிடந்தது. பெரிய கலமொன்று வரும் ஓசை கேட்டது. தந்தையார் கைத்தொலைபேசியின் சிறு வெளிச்சத்தை உயர்த்திப் பிடித்து அசைத்தார். கலம் கூப்பிடு தூரத்தில் விலகிச் சென்றது. அதன் அலையிற் படகு கவிழாமல் தப்பியது.

இவ்வளவையும் கூறியபின் அந்த இளைஞன் ஒரு கேள்வி கேட்டான்: "லொறியைக் கிளப்புகிற பற்றரி, சேர், ஒரு சின்னப் பல்பை ஏன் விடியும்வரை எரிக்கவில்லை?"

நல்ல கேள்வி. இவ்வாரம் அதற்கே விடை கூற முயல்வோம். படகு இல்லாத வீட்டினருக்கும் இஃது உதவும். மின்தடைக்கு இன்வேர்ட்டர் வைத்திருப்போரும், கூரையிற் சூரியத்தகடு பூட்டியிருப்போரும் இதே தவற்றைச் செய்வதுண்டு.

இருவகை மாடுகள்

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு வண்டிற் சவாரியைப் பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை. சவாரி மாடு சில கணங்களுக்குப் புயலெனப் பாயும். உழவு மாடோ பாயாது. ஆனால் நாள் முழுவதும் நுகத்தைச் சுமக்கும். சவாரி மாட்டை ஏரிற் பூட்டினால், ஒரு வாரத்தில் மாடும் கெடும், வயலும் கெடும். பற்றரிகளிலும் இவ்விரு சாதிகள் உண்டு. ஒன்று இயந்திரத்தைத் தொடக்கும் பற்றரி. மற்றையது ஆழ இறங்கி ஆழ ஏறும் பற்றரி. கடைகளில் இதனை "டீப் சைக்கிள்" என்பர்.

இவற்றின் வேறுபாடு உள்ளேயுள்ள தட்டுகளில் இருக்கின்றது. ஈய அமிலப் பற்றரியை 1859 ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானியான பிளாந்தே என்பவர் ஆக்கினார். இன்றும் அதன் அடிப்படை மாறவில்லை. நேர்த்தட்டில் ஈயவீரொட்சைட்டும், எதிர்த்தட்டிற் பஞ்சு போன்ற ஈயமும் உள. இரண்டும் ஐதான சல்பூரிக் அமிலத்தில் மூழ்கியிருக்கும். நாம் மின்னை எடுக்கும்போது இரு தட்டுகளிலும் ஈயச்சல்பேற்று படிகின்றது, அமிலம் நீர்த்துப்போகின்றது. மின்னேற்றும்போது சல்பேற்று மீண்டும் பழைய பொருள்களாக மாறுகின்றது. ஆனால் ஒவ்வொரு முறையும் தட்டின் பூச்சு சற்றுப் பருத்து, சற்றுச் சுருங்கி, துகள்துகளாகச் சிறிது உதிர்கின்றது. எவ்வளவுக்கு ஆழமாக மின்னை எடுக்கின்றோமோ அவ்வளவுக்கு உதிர்வும் மிகும்.

தொடக்கும் பற்றரிக்குக் கணப்பொழுதிற் பெருமின்னோட்டம் வேண்டும். அதற்காக மெல்லிய தட்டுகள் பலவற்றை அடுக்கி, அமிலம் தொடும் பரப்பைப் பெருக்குவர். டீப் சைக்கிள் பற்றரியிலோ தட்டுகள் குறைவு. ஆயின் தடிப்பானவை, பூச்சும் செறிவானது. ஓட்டத்தை மெதுவாகக் கொடுக்கும். உதிராமல் நெடுங்காலம் நிற்கும்.

மாணவர்கள் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். லொறி இயந்திரத்தைத் தொடக்க 300 அம்பியர் ஓட்டம் 3 செக்கன் வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 900 அம்பியர்-செக்கன். ஒரு மணித்தியாலத்துக்கு 3,600 செக்கன் ஆகையால், அது 0.25 அம்பியர்-மணி மாத்திரமே. 100 அம்பியர்-மணிப் பற்றரியில் இது நானூற்றில் ஒரு பங்கு! லொறி ஓடத்தொடங்கியதும் அந்தக் கடனும் உடனே அடைக்கப்பட்டுவிடும். ஆகவே லொறியின் பற்றரி தன் ஆயுளில் வெறுமையை அறிவதேயில்லை. அதனைப் படகில் வைத்து இரவுதோறும் மூன்றிலொரு பங்கு, பாதி என்று இறைத்தால், சில பத்து இரவுகளிலேயே தளர்ந்துவிடுகின்றது. மாதம் இருபது இரவு தொழிலுக்குச் சென்றால் ஐந்து மாதத்தில் நூறு இரவுகள். அந்தப் பற்றரி அவ்வளவு காலம் தாங்கியதே பெரிது.

முதலிற் கணக்கு, பின்னரே கடை

"ஆற்றிற் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. படகின் பசி எவ்வளவு என்று அளவாமற் பற்றரி வாங்கப் போவது, வீட்டில் எத்தனை பேரென்று அறியாமல் உலை வைப்பதை ஒக்கும். ஆகவே அவன் கொணர்ந்த கடதாசியைத் திருப்பி, அதன் பின்புறத்தில் அவனையே எழுதச் செய்தோம். 12 வோல்ற்றுப் படகில், வாற்றை 12 ஆல் வகுத்தால் அம்பியர் வரும். அதை மணியாற் பெருக்கினால் அம்பியர்-மணி வரும்.

அடையாள விளக்கு: 6 வாற்று, அதாவது 0.5 அம்பியர், 11 மணித்தியாலத்துக்கு 5.5.
திசைகாட்டியும் ஆழமானியும் இணைந்த கருவி: 1 அம்பியர், 10 மணித்தியாலத்துக்கு 10.
வானொலித் தொடர்புக் கருவி, கேட்கும்போது: 0.5 அம்பியர்; 10 மணித்தியாலத்துக்கு 5.
அதிற் பேசும்போது: 5 அம்பியர், மொத்தம் 6 நிமிடத்துக்கு 0.5.
வலை இழுக்கும்போது எரியும் விளக்கு: 24 வாற்று, அதாவது 2 அம்பியர், 5 மணித்தியாலத்துக்கு 10.
கைத்தொலைபேசிகளுக்கு: 2.

கூட்டுத்தொகை 33 அம்பியர்-மணி. பற்றரி முதுமையடையும்போது கொள்ளளவு குறையும். சில நாள்களில் வீடு திரும்பத் தாமதமாகும். இவற்றுக்காக ஐந்திலொரு பங்கைக் கூட்டினால் ஏறத்தாழ 40.

இனி ஒரு முக்கிய விதி. ஈயப் பற்றரியிற் பாதிக்கு மேல் எடுக்கலாகாது. எடுத்தால் அன்று விளக்கு எரியும், ஆயுள் குறையும். ஆகையால் 40 ஐ இரட்டிக்க வேண்டும். அவர்களுக்குத் தேவையானது 80 அம்பியர்-மணிக்குக் குறையாத டீப் சைக்கிள் பற்றரி. 80 கிடைக்காவிடின் 100 வாங்கலாம், 60 ஆகாது.

மேற்கூறிய கணக்கில் விளக்குகள் யாவும் எல்.ஈ.டி. விளக்குகள் என்பதைக் கவனிக்க. அவர்கள் முன்னர் பாவித்தவையோ பழைய இழைப் பல்புகள். வேலை விளக்கு 60 வாற்று, அடையாள விளக்கு 24 வாற்று. அவற்றால் ஓரிரவின் தேவை 64 அம்பியர்-மணியைத் தாண்டியிருந்தது. பல்புகளை மாற்றியதாலேயே பசி பாதியாகிவிட்டது. பெரிய பானை வாங்குமுன் உண்போரைக் குறைக்க முடியுமானால் அதுவே முதற் சிக்கனம்.

எவ்வகையை வாங்குவது?

டீப் சைக்கிள் என்ற பெயரிலும் பல வகைகள் உள.

முதலாவது, மூடியைத் திறந்து நீர் ஊற்றும் சாதாரண ஈயப் பற்றரி. வீடுகளில் இன்வேர்ட்டருக்கு வைக்கும் உயரமான, குழாய்த்தட்டுப் பற்றரியும் இவ்வினத்ததே. விலை குறைவு, பராமரித்தால் நன்கு உழைக்கும். ஆயின் சிறு படகு அலையிற் சரியும்போது அமிலம் சிந்தக்கூடும். அசையாத வீட்டுக்கும், பெரிய பலநாட் கலத்தின் இயந்திர அறைக்கும் இது பொருந்தும். சிறு படகுக்கு அவ்வளவு பொருந்தாது.

இரண்டாவது, ஏ.ஜி.எம். எனப்படுவது. இதில் அமிலம் கண்ணாடியிழைப் பாயில் ஊறியிருக்கும். சரிந்தாலும் சிந்தாது, நீர் ஊற்றும் வேலையுமில்லை, அதிர்வையும் தாங்கும். விலை முதலாவதினும் கூடியது. ஜெல் பற்றரியும் இதன் உறவே. ஆயின் அதற்கு மின்னேற்றும் வோல்ற்றளவு சற்றுக் குறைவாக இருத்தல் வேண்டும். பொருந்தாத சார்ஜரைப் பூட்டினால் விரைவிற் பழுதாகும்.

மூன்றாவது, இலித்தியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரி. இப்பொருளைப் பற்றரிக்கு ஏற்றதென 1997 ஆம் ஆண்டில் வெளியிட்ட குழுவின் தலைவர் குடினஃவ் என்னும் பேராசிரியர். இலித்தியப் பற்றரித் துறையில் ஆற்றிய பணிக்காக 2019 இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசை மற்றும் இருவருடன் பகிர்ந்துகொண்டபோது அவருக்கு வயது 97. இவ்வகைப் பற்றரியில் ஐந்தில் நான்கு பங்கை அச்சமின்றி எடுக்கலாம். எனவே நமது 40 க்கு 50 அம்பியர்-மணி போதும். எடையும் ஈயத்தின் பாதிக்குக் குறைவு. ஈராயிரம் முறைக்கு மேல் ஏற்றி இறக்கலாம். முதல் விலைதான் கூடுதல். அதற்குரிய சார்ஜரும், உள்ளே காவற் சுற்றும் வேண்டும்.

இலித்தியத்தில் ஒரு விடயத்தைக் கடலுக்குச் செல்வோர் மறத்தலாகாது. ஈயப் பற்றரி தளரும்போது விளக்கு மங்கி நம்மை எச்சரிக்கும். இலித்தியம் அவ்வாறன்று, இறுதிவரை ஒரே பிரகாசமாக எரிந்து, வலு தீர்ந்ததும் காவற் சுற்று சட்டென்று துண்டித்துவிடும். முன்னறிவிப்பில்லாத இருட்டு அது. எப்பற்றரி வைத்தாலும் உலர்கலத்தில் எரியும் கைவிளக்கு ஒன்று படகில் இருத்தல் வேண்டும். இலித்தியம் வைப்போருக்கு அது கட்டாயம் என்போம்.

கடையிற் கவனிக்க வேண்டியவை

"மரைன்" என்று எழுதியிருப்பதாலேயே அது டீப் சைக்கிள் ஆகிவிடாது. படகு இயந்திரத்தைத் தொடக்கும் பற்றரிக்கும் அப்பெயர் இடுவர். உறையில் "சி.சி.ஏ." என்ற எண்ணே பெரிதாகக் காட்டப்பட்டிருந்தால், அது சவாரி மாடு, கடுங்குளிரில் இயந்திரத்தைத் தொடக்கும் வலுவைக் குறிக்கும் எண் அது. வெப்பமான நம் கடலில் விளக்கு எரிக்க அந்த எண் எதற்கு?

அம்பியர்-மணி எண்ணைக் கண்டதும் திருப்தியடைதலும் ஆகாது. 20 மணித்தியால அளவில் எவ்வளவு என்று கேட்க வேண்டும். 100 அம்பியர்-மணி என்றால், 5 அம்பியர் வீதம் 20 மணித்தியாலம் கொடுக்கும் என்பது பொருள். ஈயப் பற்றரியில் அதனினும் விரைவாக எடுத்தால் மொத்தமும் குறையும். அடுத்து, பாதி இறக்கி மீள ஏற்றினால் எத்தனை முறை தாங்கும் என்று கேட்க வேண்டும். இதற்கு விடை கூறாத விற்பனையாளரிடம் டீப் சைக்கிள் வாங்குவது அறிவுடைமையாகாது.

தயாரித்த மாதத்தைப் பார்க்க வேண்டும். மின்னேற்றாமல் நெடுநாள் தூங்கிய ஈயப் பற்றரியிற் சல்பேற்று இறுகிவிட்டிருக்கும். வோல்ற்றுமானி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஓய்விலுள்ள ஈயப் பற்றரி 12.6 அல்லது 12.7 காட்டினால் நிறைந்திருக்கின்றது, 12.2 என்றால் பாதி, 11.9 என்றால் வெறுமைக்கு அண்மை. இந்த மூன்று எண்களையும் படகோட்டி மனனஞ் செய்துகொள்வது நல்லது. இலித்தியத்துக்கு இவை பொருந்தா.

விலையை ஒப்பிடும்போது ரூபாவை இரவுகளால் வகுத்துப் பாருங்கள். இரட்டிப்பு விலையுள்ள பற்றரி ஐந்து மடங்கு இரவுகள் உழைக்குமாயின், ஓரிரவின் செலவில் அதுவே மலிவு. 2022 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது கடற்றொழிற் குடும்பங்கள் பட்ட பாட்டை நாம் கண்டோம். அத்தகைய குடும்பம் ஒரே பொருளை ஆண்டுக்கு இருமுறை வாங்குவது எங்ஙனம்?

வாங்கிய பின்

நல்ல பற்றரியும் தவறான பராமரிப்பில் மாண்டுவிடும். நம் மாணவன் வீட்டில் நடந்த இரண்டாவது தவறு இது. இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறையே பற்றரியை வீட்டுக்குக் கொணர்ந்து சார்ஜ் போட்டார்கள். குறையாகக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் சல்பேற்று பளிங்காக இறுகும். பின்னர் அது கரையாது. ஈயப் பற்றரியை அன்றன்றே ஏற்ற வேண்டும். எடுத்தது 33 ஆனால், இழப்பையும் சேர்த்து 40 அளவில் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொள்ளளவின் பத்திலொரு பங்கு அம்பியர் கொடுக்கும் சார்ஜர் போதும். இறுதிப் பங்கு மெதுவாகவே ஏறும். அவசரப்பட்டுக் கழற்றுதல் கூடாது.

மூடி திறக்கும் பற்றரியைப் பாவிப்போர், மின்னேற்றிய பின்னரே காய்ச்சி வடித்த நீரை ஊற்றுக. நம் குடாநாட்டுக் கிணற்றுநீர் சுண்ணாம்புக் கல்லினூடே ஊறியது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதை இல்லத்தரசிகள் அறிவர். அந்த நீர் பற்றரிக்கு ஆகாது.

மின்னேறும்போது ஐதரசன் வாயு வெளிப்படும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே அது வெடிக்கும். ஆகவே சமையலறையிலோ, சாமி விளக்கு எரியும் இடத்திலோ, பிள்ளைகள் படுக்கும் அறையிலோ சார்ஜ் போடலாகாது. படகில் எரிபொருட் கலனுக்கு அண்மையில் வைத்தலும் ஆகாது. கடல்நீர் பற்றரியினுட் புகுந்தால் நச்சு வாயுவான குளோரீன் உண்டாகக்கூடும். எனவே மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் வைத்து, அசையாதபடி வார் கொண்டு கட்டி, நீர் தேங்காத உயரத்தில் அமைக்க வேண்டும். நேர் முனைக்கு அண்மையில் ஓர் உருகி இருத்தல் வேண்டும். முனைகளில் வசிலின் பூசினால் உப்புக்காற்று அரிக்காது. வெயிலிலிருந்தும் காக்க வேண்டும். 25 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு 10 பாகை ஏறும்போதும் ஈயப் பற்றரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

ஆளியைத் தட்டித் தொடக்கும் இயந்திரம் உள்ளவர்கள் இரு பற்றரிகள் வைப்பதே முறை: இயந்திரத்துக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று. விளக்கு முழுவதையும் குடித்துவிட்டாலும் வீடு திரும்பும் வழி அடைபடாது. கயிறு இழுத்துத் தொடக்கும் இயந்திரமாயின், விளக்குக்கு ஒன்றே போதும். ஆனால் அது உழவு மாடாக இருக்கட்டும்.

இறுதியாக ஒன்று

படகு விளக்கு ஓர் அலங்காரமன்று. 1972 ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, 12 மீற்றருக்குக் குறைந்த படகின் சுற்றெங்கும் தெரியும் வெள்ளொளி 2 கடல்மைல் தொலைவில், அதாவது ஏறக்குறைய 3.7 கிலோமீற்றரில், தெரிதல் வேண்டும். பெரிய கலத்திற்குத் திரும்ப இடம் வேண்டும். கூப்பிடு தூரத்திற் கண்டு பயனில்லை. மங்கிய விளக்கு அந்தத் தூரத்தைத் தின்றுவிடுகின்றது.

நம் மாணவனின் குடும்பம் கணக்குப் பார்த்து, 100 அம்பியர்-மணி ஏ.ஜி.எம். பற்றரியொன்றை வாங்கியது. பணம் தாயாரின் சீட்டுக் காசு. சென்ற கிழமை அவன் தொலைபேசியிற் பேசினான். "சேர், விடியவும் 12.4 நிற்குது. அப்பாவே இப்போ மீற்றர் பார்த்துச் சொல்லுறார்" என்றான். சற்று நிறுத்தி, "அம்மா இரவில் எழும்பிக் கரைக்குப் போய் எங்கள் விளக்கைத் தேடிப் பார்க்கிறவ. இப்போ பார்த்துவிட்டு வந்து படுத்துவிடுகிறா" என்றும் சொன்னான்.

பள்ளியிற் கற்கும் பெருக்கலும் வகுத்தலும் இதற்குப் போதுமாயின. கடலுக்குச் செல்வோரின் பிள்ளைகள் இன்றே ஒரு கடதாசியை எடுத்துத் தம் படகின் கணக்கை எழுதிப் பார்ப்பார்களாக. விடை கண்ட பின்னர் கடைக்குச் செல்லலாம்.

அடுத்த ஞாயிறன்று, கிணற்றுநீர்ச் சுண்ணாம்பு கேத்தலிற் படிவது ஏன், அதனை அகற்றுவது எவ்வாறு என்பது பற்றி ஆராய்வோம்.